மண்ணில் ஈரம் இருந்தும் பீன்ஸ் செடி வாடுகிறது, ஏன்?

மொட்டைமாடி_வேளச்சேரி: வணக்கம். மாடியில் எட்டு கறுப்பு குரோ பேக்கில் செடி பீன்ஸ், விதைத்து 35 நாள். காலையில் நிமிர்ந்து நிற்கிறது, பதினோரு மணிக்கெல்லாம் துவண்டுவிடுகிறது. விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாகத்தான் இருக்கிறது. பூக்கிறது, உதிர்கிறது. பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இதே பாக்கெட் விதையைக் குன்னூரில் அக்கா டிசம்பரில் போட்டாள். அங்கே வேறு கதை: செடி வளரவே இல்லை, இலை மட்டும் கரும்பச்சையாகத் தடித்துப்போனது. விதையே கோளாறா?

தோட்டப்பித்தன்: ரெண்டு வேளை தண்ணீர் ஊற்றுங்க. சித்திரை வெயிலுக்கு ஒரு வேளை பத்தாது.

கீரைக்கட்டு: ஐயோ, தண்ணீரைக் கூட்டாதீங்க. மதியம் ரெண்டு மணிக்குப் பையின் மேற்கு ஓரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்க. காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், 42-க்கு மேல் காட்டாது. சமையலுக்கு விற்கிற ஊசி போன்றது வேண்டும்.

மொட்டைமாடி_வேளச்சேரி: ஓரத்தில் 44, நடுவில் 36. பையைத் தொட்டால் கை சுடுகிறது.

கீரைக்கட்டு: அதுதான் விஷயம். பீன்ஸ் வேருக்கு இருபதுகளில் இருந்தால்தான் சுகம். வேரும் மூச்சு விடும். சூடு 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இலை பகலெல்லாம் செய்த சர்க்கரையை வேரே எரித்துத் தீர்க்கிறது. மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்க மிச்சமில்லை என்றால் பிஞ்சுக்கு எங்கிருந்து போகும்? சென்னையில் ராத்திரியும் புழுக்கம், செலவு நிற்பதே இல்லை.

வாட்டத்துக்குக் காரணம் வேறு. ஓரத்தில் இருக்கும் நுனி வேர்கள் வெந்துவிட்டன. தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். சூடான ஈரத்தில் ஆக்சிஜனும் குறைவு, அதனால் ஊற்ற ஊற்ற மோசமாகும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற வேர் முடிச்சு பாக்டீரியாவுக்கும் இந்தச் சூடு ஆகாது.

அக்கா செடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். மண் குளிர்ந்தால் முதலில் நிற்பது வளர்ச்சி. இலையோ வெயில் இருக்கிறவரை சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். வாங்க ஆளில்லாத சரக்கு கடையிலேயே தேங்குகிற மாதிரி, அது மாவுச்சத்தாக இலையில் தங்கிவிடும். விதைமேல் பழி போடாதீங்க.

பைகளை நெருக்கி வைத்து, செங்கல்மேல் ஏற்றி, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டுங்க. மேலே காய்ந்த இலை நாலு விரல் கனத்துக்கு. மேற்கு வெயில் மட்டும் நேராகப் படவே கூடாது.

தோட்டப்பித்தன்: நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் கத்தரிக்கும் இதே வியாதி போல, நாளைக்கே ஊசி வாங்கணும்.

மொட்டைமாடி_வேளச்சேரி: பத்து நாள் ஆச்சு. சாக்கு கட்டி, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாற்றினேன். ஓரத்தில் இப்போது 34. வாட்டம் நின்றுவிட்டது. ஆனால் பூ இன்னும் உதிர்கிறது அண்ணா.

கீரைக்கட்டு: உதிரத்தான் செய்யும் தம்பி. இந்தக் காற்றின் சூட்டில் பீன்ஸ் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, வேரைக் குளிர்வித்து அதைச் சரிக்கட்ட முடியாது. இப்போதைக்குக் காராமணி, கொத்தவரை போடுங்க, ரெண்டும் வெயில் தாங்கும். பீன்ஸை மழை ஓய்ந்து டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடி_வேளச்சேரி: சரி அண்ணா. அஞ்சு பையில் காராமணி. மூணு பையில் பீன்ஸை விட்டுவைக்கிறேன், பிடுங்க மனசு வரவில்லை.