27 குரோமோசோம் புல்லுக்கு மரபணு வரைபடமா?

மைதானக்காரர்:
"மரபணு வரைபடம் (குரோமோசோமில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் படம்) இல்லாமல் நல்ல புல் ரகம் பிறக்காது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்து எரிச்சலாகிவிட்டது. மைதானங்களில் போடும் பெர்முடா புல் ரகமான டிஃப்வே 419 எப்படிப் பிறந்தது? ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விதையில் தற்செயலாக முளைத்த கலப்பினம். அமெரிக்காவில் ஜார்ஜியாவின் டிஃப்டனில் புல் ஆய்வாளர் கிளென் பர்ட்டன் அதைக் கண்டெடுத்து 1960இல் வெளியிட்டார். வரைபடம் ஏது? போதாக்குறைக்கு அதற்கு 27 குரோமோசோம், மலடு. மலட்டுப் புல்லுக்கு வரைபடம் போடவே முடியாது.

வரப்போரம்:
எழுதியவன் நான்தான். 36 குரோமோசோம் உள்ள அருகம்புல்லும் 18 உள்ள அதன் ஆப்பிரிக்க உறவான டிரான்ஸ்வால் புல்லும் சேர்ந்தால், ஒவ்வொன்றிலும் பாதி வந்து பிள்ளைக்கு 27. பிள்ளைதான் மலடு, பெற்றோர் அல்ல. ஒரே சோடியிலிருந்து நிறையப் பிள்ளைகளை எடுத்து, டிஎன்ஏ அடையாளங்களில் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும், சோதித்துக் கண்டறியக்கூடிய இடங்கள்) எது எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்று எண்ண வேண்டும். எப்போதும் சேர்ந்தே போகிறவை குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருப்பவை. ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு 2006இல் வெளியிட்ட வரைபடம் இப்படிப்பட்ட கலப்பினப் பிள்ளைகளை வைத்துப் போட்டதுதான். பேரப்பிள்ளைகளே தேவையில்லை!

மைதானக்காரர்:
27 மலடு. இதற்குப் பதில் இல்லை.

கோமதி:
அருகம்புல் என்று தமிழில் பெயர் இருக்கும்போது எல்லோரும் ஏன் பெர்முடா புல் என்கிறீர்கள்? பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லுக்கு ஏதோ ஒரு தீவின் பெயரா?

வரப்போரம்:
கோமதி, டிஃப்வே பாதிதான் அருகம்புல். அந்த மெல்லிய இலை மறுபாதியிலிருந்து வந்தது.

கோமதி:
பாதியாவது நம்முடையதுதானே. பெயரைச் சொல்ல ஏன் கூச்சம்?

மைதானக்காரர்:
இருபது ஆண்டுகளாகப் புல்லோடு வாழ்கிறேன். ஆய்வகத்துப் பிள்ளைகள் எனக்குப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

வரப்போரம்:
இருபது ஆண்டு அனுபவத்தோடுதான் போன மாதம் புல்வெளியில் வேற்று ரகப் புல் கலந்திருந்த திட்டைப் பூஞ்சண நோய் என்று சொல்லி ஒருவரை மருந்து தெளிக்க வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஓக்லஹோமாவில் குளிர் தாங்கும் ரகம் தேடுகிறவர் நாற்றுகளை நட்டுவிட்டு, கடுங்குளிர் வந்து பாதியைக் கொல்லும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். குளிர் தாங்கும் குணத்தோடு சேர்ந்து வரும் அடையாளம் தெரிந்தால், ஓர் இலைத் துண்டைச் சோதித்தே தேறாத நாற்றுகளைக் கழித்துவிடலாம். பர்ட்டனுக்கு வாய்த்த தற்செயல் எல்லோருக்கும் வாய்க்காது.

மைதானக்காரர்:
அந்தத் திட்டு பூஞ்சணம்தான். படத்தை மறுபடியும் பாருங்கள்.

வரப்போரம்:
பார்த்தேன். இலை அகலமே வேறு.

மைதானக்காரர்:
1960இல் வரைபடம் இல்லை. 27 மலடு. விடிந்ததும் மைதானத்தில் வேலை இருக்கிறது. மீதியை மாலையில் சொல்கிறேன்.