விரல்களுக்கு வலு சேர்க்கும் விளையாட்டு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது. பென்சிலை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கிறாள், சட்டைப் பொத்தான் போட வரவில்லை. எழுதச் சொல்லி வற்புறுத்த எனக்கு மனமில்லை. முதலில் விரல்கள் பழகட்டும் என்று வீட்டில் கிடப்பதை வைத்தே விளையாட்டு செய்து தருகிறேன்.

முட்டை அட்டையின் குழிகளில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது அவளுக்கு உயிர், பல்லாங்குழி மாதிரி. காலி ஷாம்பு பாட்டில்களின் மூடியைத் திருகிக் கழற்றுகிறாள். துணி கிளிப்பை அட்டை ஓரத்தில் மாட்டத்தான் இன்னும் சிரமப்படுகிறாள், ஆனால் விடுவதில்லை.

கோர்ப்பதில்தான் சிக்கல். பாட்டில் மூடியில் சூடான கம்பியால் ஓட்டை போட்டேன். ஓரம் கூராகி அவள் விரலைக் கீறிவிட்டது. மனசே சரியில்லை. மூடிக்குப் பதில் எதைக் கோர்க்கக் கொடுக்கலாம்? ஷூ லேஸ் நுனி பிரியாமல் இருக்க என்ன செய்வீர்கள்?

ஒன்றரை வயதுத் தம்பி எதையும் வாயில் போடுவான். புளியங்கொட்டையையே அவன் தூங்கும்போதுதான் வெளியே எடுக்கிறேன். அதனால் பெரிய பொருளாகச் சொன்னால் நல்லது.

அப்புறம், கத்தரிக்கோல் பழக்க நாளிதழ் சரியா, கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகை நல்லதா? அங்கன்வாடி ஆசிரியர்கள், தெரபிஸ்டுகள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.