பச்சைப் பட்டை சிலந்தியாகிறது, அழுத்தத்தைக் கூட்டினால் மணலாகிறது: ஏர்பிரஷ் பழகுபவனுக்கு உதவி தேவை

கேட்டவர்:

வணக்கம். தூரிகையால் ஐந்தாறு மாதிரிப் பொம்மை டாங்கிகளுக்கு வண்ணம் தீட்டியவன் நான். ஏர்பிரஷ் (காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் கருவி) கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மூன்று வண்ண ஜெர்மானிய உருமறைப்பைப் பழக வேண்டும், கெட்டுப்போனாலும் வயிறு எரியக் கூடாது என்பதற்காக, கிடைத்ததிலேயே மலிவான ஒரு பான்சர் 4 ‘எச்’ வகை டாங்கியின் கிட்டை (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி, அசலில் 1/35 அளவு) வாங்கினேன். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளிகளைப் புட்டியால் (அடைக்கும் பசை) நிரப்பித் தேய்த்தே ஒரு வாரம் போனது. அது கிடக்கட்டும்.

அடி வண்ணமான அடர்மஞ்சள் (தமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-60) வழுவழுப்பாக விழுந்தது. அதன் மேல் பச்சைப் பட்டை (எக்ஸ்எஃப்-61) இழுக்கப் போனபோதுதான் வினை. முதல் பட்டை நாலாபக்கமும் கால் முளைத்து ஓடியது. சுவரில் நசுக்கிய சிலந்தியைப் போல இருந்தது. சரி, வண்ணம் நீர்த்துப் போயிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் வண்ணம் சேர்த்தேன், காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐயிலிருந்து (அழுத்த அலகு) 25க்கு ஏற்றினேன், கையையும் பின்னுக்கு இழுத்தேன். இப்போது கால் முளைப்பதில்லை. ஆனால் பட்டையின் ஓரம் சொரசொரவென்று மணல் ஒட்டியதுபோல் இருக்கிறது, இடது பக்கம் முழுவதும் பச்சைத் தூசி படிந்துவிட்டது. நடுநடுவே வண்ணம் வராமல் நின்று, திடீரென்று ஒரு பொட்டாகத் துப்புகிறது.

0.3 மி.மீ. ஊசி, இரட்டை விசை ஏர்பிரஷ் (விசையை அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வண்ணம்). கம்ப்ரஸர் சின்னது, காற்றுத் தொட்டி இல்லாதது. தின்னர் (வண்ணத்தை நீர்க்க வைக்கும் திரவம்) தமியா எக்ஸ்-20ஏ. ஆரம்பத்தில் ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தின்னர். கையில் கோளாறா, கருவியில் கோளாறா?

பதில் 1:

தம்பி, இவை இரண்டும் நேர் எதிரான நோய்கள். ஒன்றுக்கு மருந்து கொடுக்கப்போய் மற்றதை வரவழைத்திருக்கிறீர்கள்.

கால் முளைப்பது, பரப்பில் இன்னும் ஈரமாக இருக்கும் வண்ணத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போவதால். கை நகராமல் நின்றாலோ, விசையை வேண்டியதற்கு மேல் பின்னிழுத்தாலோ அப்படி ஆகும். மணல் விழுவது, துளிகள் பரப்பைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடுவதால். தூரம், கெட்டியான வண்ணம், அதிக அழுத்தம் மூன்றுமே அதற்குக் காரணமாகும். நீங்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் கூட்டியிருக்கிறீர்கள்!

ஒரு கேள்வி. அந்த 15, 25 என்ற கணக்கெல்லாம் விசையை அழுத்திக் காற்று ஓடும்போது பார்த்ததா, சும்மா இருக்கும்போது பார்த்ததா?

கேட்டவர்:

சும்மா இருக்கும்போதுதான், அண்ணா. இப்போது அழுத்திப் பார்த்தேன். 25இல் இருந்த முள் சட்டென்று 17க்கு இறங்குகிறது. 15இல் வைத்தால் 8க்குப் போய்விடுகிறது!

பதில் 1:

அங்கேதான் கதை தொடங்கியிருக்கிறது. 8 பிஎஸ்ஐயில், பாதிக்குப் பாதி கலந்த வண்ணம் ஒழுங்காகத் துகளாகாது. ஒன்றும் வரவில்லையே என்று விசையை மேலும் இழுத்திருப்பீர்கள், மொத்தமாகக் கொட்டியிருக்கும். விசையை அழுத்திய நிலையிலேயே 12ஐ ஒட்டி வையுங்கள். பச்சை ஒரு பங்கு, தின்னர் இரண்டு பங்கு. முனைக்கும் டாங்கிக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலம்.

டாங்கியைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் கரண்டி பத்து எடுத்து அதே மஞ்சளை அடித்துக்கொள்ளுங்கள். முதலில் காற்றை மட்டும் திறந்து, கையை நகர்த்த ஆரம்பித்த பிறகு விசையை ஒரு மயிரிழை பின்னிழுக்க வேண்டும். முடிக்கும்போது வண்ணத்தை முதலில் நிறுத்துங்கள், காற்றைக் கடைசியில். முதல் முறை கை போகும்போது கோடு தெரியவே கூடாது. மூன்றாவது முறையில்தான் ‘ஏதோ இருக்கிறது’ என்று தோன்ற வேண்டும். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான்.

நடுவில் நின்று துப்புவது ஊசி முனையில் வண்ணம் காய்வதால். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனையைத் துடையுங்கள்.

பதில் 2:

எக்ஸ்-20ஏவை விட்டுவிட்டுத் தமியாவின் மஞ்சள் மூடி லாக்கர் தின்னரில் கலந்து பாருங்கள். இந்த வண்ணங்கள் அதையும் ஏற்கும். பரப்பில் நன்றாகப் படியும், மணலும் குறையும். வாடை கடுமையானது. ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் வேண்டும். துணிக் கவசம் இதற்கு ஆகாது.

இன்னொன்று, மழைக்காலமென்றால் குழாயில் நீர் கோத்துக்கொள்ளும். துப்பலில் பாதி அதனாலும் வரலாம். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா?

பதில் 1:

தின்னர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தின்னரை மாற்றினால் கை மாறிவிடாது. இப்போதே நாலு விஷயம் குழம்பிக் கிடக்கிறது, ஐந்தாவது எதற்கு?

பதில் 3:

ஓரம் மங்கலாக இருப்பதற்கு அதிகம் கவலைப்பட வேண்டாம், அசல் வண்டியிலும் அப்படித்தான். பிப்ரவரி 1943இல் அடர்மஞ்சளை அடி வண்ணமாக்கிய பிறகு, பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான களிம்பாகவே படைப்பிரிவுகளுக்குப் போயின. அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். பெட்ரோலில் கரைத்தது நின்றது, தண்ணீரில் கரைத்தது மழையில் கழுவிக்கொண்டு போனது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதம். ஆகவே பட்டை எங்கே போக வேண்டும் என்பதில் உங்களுக்கு நிறையவே சுதந்திரம் உண்டு.

ஆனால் ஓரத்தின் அகலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அசல் வண்டியில் 10 சென்டிமீட்டர் மங்கல் என்றால், 1/35இல் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் பார்க்கிறவருக்குப் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். நல்லவேளை நீங்கள் 1/72 வாங்கவில்லை, அதில் ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

(இந்த 1/35 என்ற விநோதக் கணக்கே ராணுவம் தந்ததல்ல. தமியா 1961இல் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி செய்தபோது, பாட்டரிகள் உள்ளே அடங்க வேண்டும் என்பதால் வந்த அளவு அது.)

கேட்டவர் (மூன்று நாள் கழித்து):

ஏழு கரண்டி வீணானது. எட்டாவதில் 4 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை, கால் இல்லை, மணல் இல்லை! பக்கத் தகடுகளை நல்லவேளையாக இன்னும் ஒட்டவில்லை. தட்டையாக மேசையில் வைத்து அவற்றில் அடித்தேன். முதல் தகடு சுமார், மூன்றாவது தகட்டை வீட்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். வடிகட்டியைத் திறந்தபோது அரைத் தேக்கரண்டி தண்ணீர் இருந்தது, இரண்டாம் பதில் எழுதிய நண்பருக்கு நன்றி.

ஆனால் உடலின் இடது பக்கம் பழைய மணலும் பச்சைத் தூசியும் அப்படியே இருக்கின்றன. ஆல்கஹாலில் துடைத்து எடுத்துவிடலாமா?

பதில் 1:

வேண்டாம், அடியில் உள்ள மஞ்சளும் சேர்ந்து கரைந்து வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மணலின் முனைகள் மட்டும் போகும்படி மெல்லத் தேயுங்கள். ஆணித் தலைகள் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள்.

பிறகு மஞ்சளை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தின்னர் என்று மெலிதாகக் கலந்து, பச்சைப் பட்டையின் ஓரத்தை வெளிப்பக்கமிருந்து மஞ்சளால் செதுக்குவதுபோல் அடித்து வாருங்கள். தூசியும் மறையும், பட்டையும் மெலியும். பட்டை இழுப்பதைவிட இப்படி வெட்டித் திருத்துவதுதான் பெரும்பாலும் ஓரத்தைச் சரியாக்குகிறது. எனக்கே பச்சை அடிப்பதற்கு அரை மணி நேரம் என்றால், திருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கேட்டவர்:

செய்துவிட்டேன், அண்ணா. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்தான் பழைய மணல் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் சேறு பூசி ஒப்பேற்றிவிடுவேன். நாளைக்குச் செம்பழுப்பு (எக்ஸ்எஃப்-64). அதே அழுத்தம், அதே கலவைதானே?

பதில் 1:

அதேதான். புது வண்ணத்தை ஊற்றுவதற்கு முன் ஊசியை உருவி, வண்ணக் கோப்பையின் அடிப்பகுதியைத் துடைத்துவிடுங்கள். பச்சை ஒரு சொட்டு தங்கியிருந்தாலும் முதல் பட்டையிலேயே தெரிந்துவிடும். முதல் பட்டையைக் கரண்டியில் போடுங்கள், இரண்டு கரண்டி மிச்சம் இருக்கிறதே.