நான்கு கட்டம், மூன்று நாள்: இந்தச் சுவடிக் குறி என்ன?

குறுக்கெழுத்தில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இடமிருந்து வலம் 14, நான்கு கட்டம். குறிப்பு: ‘ஏடெழுதியவர் விட்ட எழுத்துக்கு வழிகாட்டும் கால்’. ஞாயிறு காலை உட்கார்ந்தது, இன்று புதன். புதிரைப் போட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

மேலிருந்து இறங்கும் ‘வெள்ளம்’ இரண்டாம் எழுத்தை ‘ள்’ ஆக்குகிறது. ‘சுவடி’ முடியும் இடத்தில் கடைசி எழுத்து ‘டி’. இரண்டும் உறுதி, பேனாவாலேயே எழுதிவிட்டேன்.

எழுத்து விடுபட்ட இடத்தில் போடும் காகபாதம்தான் முதலில் தோன்றியது, ஐந்து எழுத்து. அதே குறியின் இன்னொரு பெயரான ஹம்சபாதம் ஆறு. பிள்ளையார் சுழி ஏட்டின் தலையில் வருவது, அதுவும் ஏழு. ‘புள்ளி’ என்றார் அப்பா. மூன்றுதான் வரும். தவிர, எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று ஏட்டில் பெரும்பாலும் வைக்கவே மாட்டார்கள். ‘உள்ளடி’ கட்டத்தில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் அது அரசியல்வாதி செய்வது, ஏடெழுதுபவர் செய்வதல்ல! சரி, அகராதியைப் புரட்டலாமென்றால் முதல் எழுத்து தெரிய வேண்டுமே.

_ ள் _ டி: காகபாதத்துக்கு இப்படி ஒரு தமிழ்ப் பெயர் உண்டா?