ரேடியோ நம்ம ஏரியாவுக்கு எவ்வளவு உதவியது? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

காசிமேட்டுக்காரன்:
நைனா விசைப்படகில் போன காலத்தில் ஐஸ், டீசல், வலையோடு ஒரு டிரான்சிஸ்டரும் ஏறும். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆணியில் மாட்டி வைத்திருப்பார். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் எஃப்.எம். கரகரத்துப் போய்விடும். மீடியம் வேவ் அப்படியில்லை, உப்புத் தண்ணீர் மேல் நெடுந்தூரம் வரும். அகில இந்திய வானொலியின் சென்னை ஏ நிலையம் வரும் 720-ல் முள்ளை வைத்துவிட்டுப் பெட்டியையே மெதுவாகத் திருப்புவார். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஏரியல். அது சரியான பக்கம் திரும்பியதும் இரைச்சல் அடங்கிவிடும். மீனவர்களுக்கான எச்சரிக்கை வந்தால் படகில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். காற்றழுத்தத் தாழ்வு எங்கே, காற்று என்ன வேகம், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு... அதைக் கேட்டு, பாதி வலையோடு திரும்பியதும் உண்டு. செல்போன் டவர் எட்டாத இடத்தில் அந்தக் குரல்தான் துணை. அரசு வானொலியை யாரும் கேட்பதில்லை என்று சொல்கிறவர்கள் ஒருமுறை கடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

வியாசர்பாடி வாசகி:
2023 டிசம்பர், மிக்ஜாம். கரண்ட் இல்லை, போனும் அணைந்துவிட்டது. ஆயாவின் ரேடியோவுக்குப் பேட்டரிக் கட்டை வாங்கிப் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். புயல் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது என்பது அதில்தான் தெரிந்தது. மனசுக்குத் தெம்பாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிந்ததா, எந்தப் பள்ளியில் முகாம், பால் எங்கே கிடைக்கும்? இதெல்லாம் தெருவில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஊர் முழுவதற்கும் பேசும் நிலையத்திடம் இதை எதிர்பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. இதைச் சொல்ல நமக்கென்று ஒரு நிலையம் வேண்டும்.

எண்ணூர் குப்பத்திலிருந்து:
அக்கா சொல்வதுதான் சரி. அதே வெள்ளத்தில் எண்ணெய் கலந்து முகத்துவாரத்துக்கு வந்தது. தண்ணீரில் இறங்கலாமா, கறுத்துப்போன வலையை எதைப் போட்டுக் கழுவுவது, பிடித்த மீனைச் சாப்பிடலாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நம் பேச்சிலேயே, நம்பகமான ஒருவர் வந்து விளக்கியிருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி 2016-லிருந்து நடக்கிறது. 2006-ல் வந்த விதிகளின்படி தொண்டு அமைப்புகளும் உரிமம் கேட்கலாம். டிரான்ஸ்மிட்டர் சிறியதுதான், சுற்றுவட்டாரத்துக்குத்தான் கேட்கும். நமக்கு அது போதும். சென்னைக்கு இது புதிதும் இல்லை: 1930-லிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது, 1938-ல்தான் அகில இந்திய வானொலி இங்கே வந்தது.

காசிமேட்டு அண்ணே, சங்கத்தில் பேசிப் பார்க்கிறீர்களா? குப்பத்தில் நான் பேசுகிறேன்.