ராக்கிங்: மேசையின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

முதன்முறையாக மரவேலையில் இறங்குபவர்களுக்கான கையேட்டில் மேசை அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேற்பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் ஏப்ரனுக்குச் (apron) 'சுற்றுச்சட்டம்' என்று போட்டுவிட்டேன், பொருத்தமாகவே இருக்கிறது. ராக்கிங்கில் (racking) வந்து மாட்டிக்கொண்டேன். மேசை விளிம்பில் கைவைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் மேற்பலகை கொஞ்சம் போய்த் திரும்புகிறதே, அது. 'ஆட்டம்' என்று எழுதினால் போதுமா? 'சாய்வு' நல்லது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார்.

———

> 'ஆட்டம்' என்று எழுதினால் போதுமா?

போதாது ஐயா. மேசை பல விதமாக ஆடும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கால் ஒன்று குட்டையாக இருந்தால் மேசை நொண்டும். அட்டையை மடித்து அடியில் செருகினால் தீர்ந்தது. நீளமான பலகை நடுவில் தொய்ந்தால் அடியில் குறுக்குச்சட்டம் கொடுக்க வேண்டும். நீங்கள் கேட்பது வேறு. மேசையை முன்னால் நின்று பாருங்கள்: இரண்டு கால், மேலே சட்டம், கீழே தரை, ஆக ஒரு செவ்வகம். தள்ளும்போது எந்தப் பக்கத்தின் நீளமும் மாறுவதில்லை. மூலைக் கோணங்கள்தான் மாறுகின்றன, செவ்வகம் இணைகரமாகிறது. சொல் இந்த மூலையைச் சுட்டினால், படிப்பவரும் நேரே மூலையைப் போய்ப் பார்ப்பார். வெறும் ஆட்டம் என்றால் காலடியில் அட்டை செருகிக்கொண்டிருப்பார்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் மேசை ஆடுகிறது என்றதும் காலைத் தடிமனாக்கப் பார்க்கிறார்கள். இரண்டு திருகாணியில் தொங்கும் கால் 10 செ.மீ. தடிமனாக இருந்தாலும் ஆடத்தான் செய்யும். உறுதி இருப்பது, காலில் வெட்டிய துளையிலும் அதற்குள் இறுக்கமாகப் போகும் சட்டத்தின் நாக்கிலும். கால் ஒரு நெம்புகோல். 72 செ.மீ. நீளக் கால், 10 செ.மீ. உயரச் சுற்றுச்சட்டம் என்று வைத்துக்கொண்டால், காலடியில் தருகிற விசை இணைப்புக்குப் போகும்போது ஏறத்தாழ ஏழு மடங்காகிவிடும். இணைப்பில் அரை மில்லிமீட்டர் தளர்வு விட்டால், கால் நுனியில் அது மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல். மேற்பலகையைத் தள்ளும்போது கைக்குத் தெரிவதும் அவ்வளவு அசைவுதான். சட்டத்தின் உயரத்தை 15 செ.மீ. ஆக்கினால் இதே தளர்வு இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் முன்பக்கம் முழங்கால் இடிக்கும், ஆகவே பின்பக்கச் சட்டத்தை உயரமாக வைப்பார்கள், அல்லது பின்னால் ஒரு பிளைவுட் பலகையைப் பசையிட்டு அறைவார்கள். மூலைக்கு மூலை ஒரு குறுக்குக்கட்டை கொடுத்தாலும் போதும். முக்கோணம் மூலை மாறாது.

> 'சாய்வு' நல்லது

கூடவே கூடாது. சாய்வு நாற்காலி என்றால் என்ன? சாய்வு மேசை என்றால் என்ன? மேற்பலகை சரிவாக இருக்கும் எழுதுமேசை. மரச்சாமான் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே ஆள் குடியிருக்கிறார். 'சாய்வில்லாத மேசை' என்று எழுதினால் வாசகர் வேறெதையோ நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: கோணாட்டம். கோண் என்றால் வளைவு, மூலை. கோண் + ஆட்டம். 'முகம் கோணாமல்' என்று தினமும் சொல்கிறோம், பள்ளியில் செங்கோணம் படித்திருக்கிறோம், இரண்டும் உதவிக்கு வரும். முக்கியமாக, வினையும் கிடைக்கிறது: மேசை கோணாடுகிறது, கோணாடாத மேசை, கோணாட்டத் தடுப்பு. வினையாக்க முடியாத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும், பட்டறைக்கு வராது.

———

கோணாட்டம் காதில் 'கொண்டாட்டம்' போல விழுகிறதே! அதுவும் தட்டச்சில் மூன்றுசுழிக்குப் பதில் இரண்டுசுழி விழுந்தால் கோனாட்டம், அரசனின் நடனம். 'மூலைநெகிழ்வு' எப்படி?

இன்னொன்று. பசை போடும்போதே சட்டம் கோணிக்கொண்டு அப்படியே இறுகிவிடுவது உண்டு. அந்த மேசை ஆடாது, ஆனால் மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்தால் உட்காராது. அதையும் கோணாட்டம் என்பீர்களா?

———

நெகிழ்வு என்றாலே இப்போது நல்ல குணம் என்று ஆகிவிட்டது. 'மூலைநெகிழ்வு கொண்ட மேசை' என்று எழுதினால் விளம்பரம் மாதிரி இருக்கும். சுழிப் பிழை வரும்தான். வந்தாலும் பொருள் புரியும், சிரித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. ஆடாமல் இறுகிப்போனது கோணல் மட்டுமே. அந்தப் பழைய சொல்லே போதும். ஆட்டம் இருந்தால் கோணாட்டம், ஆட்டம் இல்லாமல் மூலை தப்பியிருந்தால் கோணல். கையேட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம், ஏனென்றால் இரண்டாவதைக் கண்டுபிடிக்கிற வழி சுலபம்: பசை ஈரமாக இருக்கும்போதே டேப்பால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால், அந்த நீளமான மூலைவிட்டத்தின் வாக்கில் ஒரு கிளாம்பைப் போட்டு இரண்டும் சமமாகும்வரை மெல்ல இறுக்க வேண்டும்.

———

எனக்குச் சம்மதம். பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

கோணாட்டம் (பெ.): பக்கவாட்டு விசையால் ஒரு சட்டகத்தின் மூலைக் கோணங்கள் மாறி மீளுதல். வினை: கோணாடு. எ-டு: 'சுற்றுச்சட்டத்தின் நாக்கு தளர்ந்திருந்தால் மேசை கோணாடும்.' ஒப்பிடுக: கோணல், நொண்டல், தொய்வு.

———

'மீளுதல்' வேண்டாம். ஒரே பக்கம் போய் அப்படியே நிற்கிற தளர்ந்த மேசையும் உண்டு, அதுவும் கோணாட்டம்தான். 'மாறுதல்' என்று நிறுத்துங்கள். புத்தக அலமாரிக்கும் இதே தொல்லை என்பதால் எடுத்துக்காட்டில் அதையும் ஒன்று சேர்த்தால் நல்லது: 'முதுகுப் பலகை இல்லாத அலமாரி கோணாடும்.'