‘புயல் கரையைக் கடந்தது’: இந்தச் சொல்லை மாற்றியாக வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் கடலூரிலிருந்து வணக்கம்.

லேண்ட்ஃபால், அதாவது புயலின் மையம் கரையைத் தாண்டுவது, அதற்குக் ‘கரையைக் கடத்தல்’ என்றே நம் வானிலைக் கலைச்சொல் பட்டியலில் போட்டுவிடலாம், ஊரெல்லாம் பழகிய சொல்லை எதற்கு அசைக்க வேண்டும் என்று ஐயா எழுதியிருந்தார். பழகிய சொல்லைத் தொடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். இந்த ஒன்றில் மட்டும் ஐயாவோடு மாறுபடுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா வீடு நாணமேட்டில் இருக்கிறது. தென்பெண்ணை ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் வருகிறது என்று சாயங்காலமே அரிசி மூட்டை, மிக்சி, பிள்ளைகளின் புத்தகப் பை, ரேஷன் கார்டு வைத்த பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டாள். அன்று ராத்திரி புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது என்று டிவியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். “அதான் கடந்துடுச்சே, அப்புறம் என்ன?” என்றாள் போனில். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. சரிக்கா என்றேன். திங்கட்கிழமை விடிவதற்குள் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள். அரிசி மூட்டை அடிப்பக்கம் ஊறி, தூக்கப்போனால் கையோடு சாக்கு கிழிந்து வந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. புயலின் மையம் சனிக்கிழமை ராத்திரி கடற்கரைக் கோட்டைத் தாண்டியது உண்மை. வானிலைக்காரர்களுக்கு லேண்ட்ஃபால் என்றால் அவ்வளவுதான்: மையம் கரைக்கோட்டைத் தாண்டும் நேரம். ஆனால் தமிழில் ‘கடந்தது’ என்றால் வேறு. ஆபத்தைக் கடந்தோம், கண்டத்தைக் கடந்தோம், வண்டி ஊரைக் கடந்து போய்விட்டது. கடந்தது என்றால் போனது, முடிந்தது. ஃபெஞ்சலோ தாண்டிய பிறகும் புதுச்சேரிப் பக்கம் மணிக்கணக்கில் நகராமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்புறம் மெல்ல உள்ளே போய் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று ஊற்றியது. ஊத்தங்கரையில் 50 செ.மீ. அங்கே பெய்ததில் நிறையத் தண்ணீர் தென்பெண்ணைக்குத்தான் வந்தாக வேண்டும். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். எங்களுக்கு வெள்ளம் வந்தது கடல் பக்கமிருந்து இல்லை, மேற்கேயிருந்து. அதுவும் புயல் ‘கடந்து’ ஒரு நாளுக்கும் மேலான பிறகு.

இலக்கணப் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கட’ என்பதற்கும் ‘கடத்து’ என்பதற்கும் தொழிற்பெயர் ‘கடத்தல்’தான். ‘கரை கடத்தல்’ என்று தனியே தலைப்புச்சொல்லாக அச்சிட்டால் சரக்குக் கடத்தல் நினைவுக்கு வரும். ‘கடப்பு’ என்று மாற்றினால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் முடிந்துபோன தொனி அப்படியே நிற்கும்.

குழுவில் வந்த மற்றச் சொற்களைப் பார்ப்போம். ‘கரையேற்றம்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கரையேறினான் என்றால் பிழைத்தான் என்று பொருள். பெண்ணைக் கரையேற்றுவது, கடனிலிருந்து கரையேறுவது எல்லாம் நல்ல செய்தி. புயலுக்கு அது ஒட்டாது. ‘தரையிறக்கம்’ விமானத்துக்குப் போய்விட்டது. ‘கரை தொடல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேறொன்றுக்கு. புயலின் வெளிப்புற மேகம் மையத்துக்குப் பல மணி நேரம் முன்னாலேயே கரைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தொடக்கத்துக்குத் ‘தொடல்’ பொருத்தம், அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘கரைபுகுதல்’. புயல் கரை புகுந்தது. புத்தகச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பக்கம் நாளெல்லாம் புழங்கும் சொல் அது. “வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு” என்பதில் இருக்கும் ‘பூந்து’தான் ‘புகுந்து’. 2004 சுனாமியைப் பற்றித் தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் “கடல் ஊருக்குள்ள பூந்துச்சு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். புகுந்தது என்று கேட்டவுடன் யாருக்கும் நிம்மதி வராது. உள்ளே வந்தது இன்னும் என்ன செய்யுமோ என்றுதான் மனம் போகும். அந்தப் பயம் இங்கே தேவை. ‘நிலம்புகல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதே வேர்தான், ஆனால் ‘புகல்’ என்றால் அடைக்கலம். ‘புகுதல்’ என்றே நிறுத்திக்கொள்வோம்.

புதுச்சொல் மக்களிடம் போய்ச் சேராது என்ற பயம் வேண்டாம். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ ஒரு காலத்தில் செய்தி வாசிப்பவர் வாயில் மட்டும் இருந்த சொல். இன்றைக்குத் துறைமுகத்து டீக்கடையில் “மண்டலம் வலுவாயிடுச்சா?” என்று கேட்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் ‘கூண்டு’ இன்னும் நல்ல உதாரணம். கூண்டு ஏற்றியாச்சு என்றால் வலை, படகு எல்லாம் மேலே வந்துவிடும். அந்தக் கூண்டு எண்களில் இருக்கும் நுட்பம் நம் சொற்களில் இல்லையே என்று எனக்கு ஆதங்கம். துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ வந்தால் 7. புயல் கடுமையானால் அதே வரிசையில் 8, 9, 10. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் புகுந்தது. மேற்கே போகும் புயலுக்கு நாங்கள் இடப்பக்கம், புதுச்சேரி வலப்பக்கம். அப்படி ஒரு புயல் புகுந்தால் வலப்பக்கத்து ஊருக்குக் காற்று கடலிலிருந்து வரும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். இடப்பக்கத்து ஊருக்குக் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்க்க வீசும். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் இரண்டு ஊருக்கு இரண்டு விதமான ஆபத்து. ‘கரையைக் கடந்தது’ என்ற ஒற்றை வரியில் இதெல்லாம் அடிபட்டுப் போகிறது.

அடுத்து, நம் கரையில் புகாமலே போகும் புயல். செய்தியில் ‘விலகிச் சென்றது’ என்கிறார்கள். 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் பக்கம் நின்று அங்கேயே வலுவிழந்தது. ஆனால் எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் பெய்து நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை ஒட்டிக் கடலிலேயே போய் ஆந்திராவில் பாபட்லா அருகே புகுந்தது, சென்னை மூழ்கியது. இதற்கு ‘விலகல்’ கூடாது. ‘கரையொட்டல்’ என்று வைக்கலாம். புயல் கரையை ஒட்டிப் போகிறது என்று யாரும் சொல்வார்கள், பெயராக்கினால் அதுதான்.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டம். நான்காவது போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக், நிறம் சிவப்பு. பட்டியலில் இப்போது ‘கரை கடந்தபின் முன்னறிவிப்பு’ என்று இருக்கிறது. ‘பின்’ என்று பார்த்தவுடன் எல்லாம் முடிந்தபிறகு வரும் அறிக்கை என்று தோன்றுகிறது. உண்மையில் புயல் கரை புகுவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே அது வந்துவிட வேண்டும். புகுந்த பிறகு உள்ளே எந்தப் பக்கம் போகும், உள்மாவட்டங்களில் என்ன செய்யும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். என் அக்காவுக்குச் சனிக்கிழமை தேவைப்பட்டது இந்தத் தாள்தான். அதனால் ‘பின்’னை எடுத்துவிட்டு ‘உள்நிலப் போக்கு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அவுட்லுக்குக்கு முன்னறிவிப்பு வேண்டாம், ஃபோர்காஸ்டுக்கு அதைக் கொடுத்தாயிற்று. முன்னறிவிப்பு நாளைக்கு இத்தனை மழை என்று சொல்வது. அவுட்லுக் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வது, ஆகவே போக்கு. ‘புயல் இன்றிரவு கரை புகும், உள்நிலப் போக்கு: திருவண்ணாமலை, கிருஷ்ணகிரியில் மிகக் கனமழை, தென்பெண்ணைக் கரையோரம் கவனம்’ என்று வாசித்துப் பாருங்கள். நேற்று அக்காவிடம் இப்படியே வாசித்துக் காட்டினேன். “அப்போ மூட்டைய எறக்கக் கூடாது” என்றாள்.

கரைபுகுதல், கரை தொடல், கரையொட்டல், உள்நிலப் போக்கு. நான்கையும் பட்டியலில் சேர்க்கலாமா? ‘உள்நில’த்துக்குப் பதில் ‘உள்நாட்டு’ என்று போட்டால் உள்நாட்டு விமானம், உள்நாட்டு வணிகம் என்று பொருள் திரும்புமோ என்று தயங்குகிறேன். ஐயா இதில் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் மற்றதை எழுதுகிறேன்.